கரை இழந்த கடல்

ஷிகோகு தீவின் வடகிழக்குக் கரையில், தகாமட்சுவுக்கும் தொகுஷிமாவுக்கும் இடையே ஓடும் ரயில்பாதையில் ஹிகேத்தா என்றொரு சிற்றூர் இருக்கிறது. பழைய சோயா சாஸ் ஆலையின் செம்மண் நிறச் சுவர்களைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஊரை ஒட்டிக் கடலோடு இணைந்து கிடக்கும் அதோ என்ற உப்புநீர்க் குளத்தைத் தேடி வருகிறவர்கள் குறைவு. ஆனால் ஜப்பானிய மீன்தொழிலின் போக்கு அந்தக் குளத்தில்தான் திசை மாறியது. நோஅமி வசாபுரோ 1928இல் அங்கே ஹமாச்சி மீனை வளர்த்துக் காட்டினார். பிடித்து விற்பதோடு நில்லாமல், கடல்மீனைக் குஞ்சிலிருந்து பெருக்கியும் விற்கலாம் என்பது அதன் பிறகே தொழிலானது. 1960களில் அந்தத் தொழில் குளத்தை விட்டு ஹரிமாக் கடலுக்குள் வலைக்கூண்டுகளாக இறங்கியது. 1972 கோடையில் அந்தக் கடல் பழுப்புச் சிவப்பாக மாறியபோது ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் ஹமாச்சி மீன்கள் கூண்டுகளிலேயே செத்தன. இழப்பு 710 கோடி யென். இங்கே தொடங்கி நருத்தோ நீரிணை, அவாஜித் தீவு, அகாஷி, தகாசாகோ, ஹினாசே என்று ஹரிமாக் கடலை இடஞ்சுழியாகச் சுற்றி வரலாம். அந்தச் சுற்றில், கடலை இப்படி நிறம் மாற்றும் பாசிப் பெருக்கமான செவ்வலையின் வரலாறு ஊர் ஊராகக் கண்முன் விரியும். சத்து கூடினால் செவ்வலை, சத்து குறைந்தால் பஞ்சம் என்று இரண்டே வாக்கியங்களில் அதை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் பொய்யில்லை. சத்தை மீனாக மாற்றித் தந்த கரையை என்ன செய்தோம் என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் அந்த இரண்டுக்கும் பொருள் கிடையாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் 1972. அந்தக் கோடையில் மீன்களைக் கொன்றது சாட்டோனெல்லா என்னும் ஒற்றைச் செல் உயிரி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வாலிழைகளால் நீந்தும். அது செவுளைத் தாக்குகிறது. செவுள் கோழை கட்டிப் புண்ணாகி, மூச்சை இழுக்க முடியாமல் மீன் சாகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மூச்சுத் திணறுவதுதான் இதன் கொடுமை. திறந்த கடலில் இருக்கும் மீன் விலகிப் போய்விடலாம், கூண்டு மீனுக்கு அந்த வழி இல்லை. இன்றைய வளர்ப்பாளர்கள் செவ்வலை எச்சரிக்கை வந்தவுடன் தீனி போடுவதை நிறுத்துகிறார்கள். பசித்த மீனுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு என்பதே காரணம். கூண்டைத் தாழ்த்துகிறார்கள், முடிந்தால் வேறிடத்துக்கு இழுத்துப் போகிறார்கள். சாட்டோனெல்லா கோடைக்கு ஏற்றபடி அமைந்த உயிரி. குளிர்காலம் முழுவதும் அடிச்சேற்றில் உறைபோர்த்த வித்தாகக் கிடக்கிறது. அடிநீர் இருபது டிகிரியை நெருங்கும்போது முளைக்கிறது. கோடையில் மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலக்காமல் நிற்கும்போது, மேலே வெளிச்சம் இருந்தும் சத்து தீர்ந்துபோகும். கீழே சத்து இருந்தும் வெளிச்சம் எட்டாது. நீந்தத் தெரியாத டயாட்டம் பாசிகள் அப்போது தவிக்க, சாட்டோனெல்லா பகலில் மேலேயும் இரவில் சில மீட்டர் ஆழத்திலும் இருந்து இரண்டையும் எடுத்துக்கொள்கிறது.

ஆக இது இயற்கையான உயிரி, இயற்கையான பழக்கம். இதில் மனிதனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்ற மறுப்பு உடனே எழும். செவ்வலைகள் தொழிற்சாலைகளுக்கு முன்பும் ஜப்பானில் இருந்தன என்பது உண்மைதான். வித்து இயற்கையானது என்பதால் விளைச்சலும் இயற்கையானது என்றாகிவிடாது. ஹரிமாக் கடலையும் உள்ளடக்கி, ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு என்னும் மூன்று பெருந்தீவுகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் செத்தோ உள்நாட்டுக் கடலின் சராசரி ஆழம் 38 மீட்டர் மட்டுமே. 1934இல் ஜப்பான் முதன்முதலில் அறிவித்த தேசியப் பூங்காக்களில் அதுவும் ஒன்று. போருக்குப் பின் அதே கரையில் எஃகாலைகளும் பெட்ரோ ரசாயன ஆலைகளும் வரிசைகட்டின. கரையோர மாகாணங்களில் சுமார் மூன்று கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்களுடைய கழிவுநீரும், வயல்களின் உரமும், சலவைத்தூளின் பாஸ்பரஸும் வெளியேற வழி குறுகிய இந்தக் கடலுக்கே வந்தன. மீன் வளர்த்தவர்களும் இதில் முழு நிரபராதிகள் அல்லர். அரைத்த மத்தி மீனைத் தீனியாகக் கொட்டியபோது தின்றது போக மிஞ்சியதும் மீனின் கழிவும் கூண்டுக்கு அடியில் படிந்து அதே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சேர்த்தன. செத்த மீனின் சொந்தக்காரர்கள் 1975இல் அரசையும் ஆலைகளையும் எதிர்த்துத் தொடுத்த வழக்கு பத்தாண்டு நடந்து சமரசத்தில் முடிந்தது. யாருடைய குழாயிலிருந்து வந்த எந்தத் துளி எந்த மீனைக் கொன்றது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். செவ்வலையின் அரசியல் சிக்கலும் அதுவே. கெடுத்தவர்கள் பலர், கெடுதல் ஒன்று, பொறுப்பு யாருக்கும் முழுதாக ஒட்டுவதில்லை.

வழக்கு தீர்க்காததைச் சட்டம் ஓரளவு தீர்த்தது. 1973இல் செத்தோ கடலுக்கென்றே ஒரு தற்காலிகச் சிறப்புச் சட்டம் வந்தது, 1978இல் அது நிரந்தரமானது. ஆலைக்கழிவின் கரிமச்சுமையை மூன்றாண்டில் பாதியாக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அடுத்து பாஸ்பரஸ், பிறகு நைட்ரஜன் என்று கட்டுப்பாடு விரிந்தது. ஒசாகா விரிகுடாவுக்கு வரும் யோதோ ஆற்றின் தாய் பிவா ஏரி. அந்த ஏரியைச் சூழ்ந்த ஷிகா மாகாணம் பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளுக்குத் தடை விதித்தது இதே காலத்தில்தான். விளைவு எண்களில் தெரிகிறது. 1976இல் செத்தோ கடலில் 299 செவ்வலைகள் பதிவாயின. 1980களின் பிற்பகுதியிலிருந்து அது ஆண்டுக்கு நூறு என்ற அளவுக்கு இறங்கி அந்த அக்கம்பக்கத்திலேயே நிற்கிறது. பார்ப்பவர்கள் கூடியதால்தான் எழுபதுகளில் எண்ணிக்கை ஏறியது என்று ஐயப்படலாம். அப்படியானால் கண்காணிப்பு மேலும் விரிந்த பிற்காலத்தில் எண் உயர்ந்திருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. சத்துச்சுமை குறைந்தால் செவ்வலை குறையும் என்பதற்கு இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு நீண்ட காலம் நடந்த சோதனைகள் உலகில் அதிகமில்லை. கடலை அழுக்காக்குவது வளர்ச்சிக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டித்தான் பேச வேண்டும். ஜப்பானின் தொழில்வளர்ச்சி அந்தச் சட்டத்தால் நின்றுபோகவில்லை.

ஹிகேத்தாவிலிருந்து கிழக்கே போனால் நருத்தோ. பசிபிக் பக்கம் ஏறும் ஓதமும் உள்கடலில் இறங்கும் ஓதமும் மோதிச் சுழல்கள் பிறக்கும் நீரிணை இது. மேலே 1985இல் கட்டிய பெரிய நருத்தோ பாலம். அதன் கீழ்த்தளத்தில் பதித்த கண்ணாடி வழியே 45 மீட்டர் கீழே சுழியைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இத்தனை வேகமாக நீர் ஓடும் கடலில் பாசி எப்படித் தேங்கும் என்று தோன்றும். ஓட்டமெல்லாம் நீரிணைகளில்தான். இரண்டு நீரிணைகளுக்கு நடுவே அகன்று கிடக்கும் ஹரிமாக் கடலின் உட்பகுதியில் நீரோட்டம் தளர்ந்துவிடுகிறது. கோடையில் மேல்நீரும் அடிநீரும் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பது அங்கேதான். அவாஜித் தீவின் நெடுக வடக்கே ஏறினால் அகாஷி நீரிணைப் பாலம். அதன் நடுத்தூண்கள் இரண்டுக்கும் இடையே 1991 மீட்டர். 1998இல் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம் அதுவே. பாலத்துக்கு மேற்கே குளிர்காலக் கடலில் வரிவரியாக மிதப்பவை நோரிப் பாசி வளர்க்கும் வலைகள். அகாஷி நகரின் உவோனோதானா மீன்சந்தையில் ஆக்டோபஸும் கடல்பிரீம் மீனும் கூவி விற்கப்படுகின்றன. வசந்தம் பிறக்கும்போது இக்கானாகோ என்ற விரல்நீள மீன்குஞ்சைச் சோயா சாஸும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்து வற்றக் காய்ச்சி, உறவினர்களுக்கு அனுப்பிவைப்பது இந்த வட்டாரத்து வீடுகளின் வழக்கம்.

செவ்வலைச் சட்டத்துக்கு எதிரான வலுவான சாட்சியம் இந்தச் சந்தையில்தான் கிடைக்கிறது. 1990களின் பிற்பகுதி முதல் நோரி கருமை இழந்து மஞ்சளாக வெளிறத் தொடங்கியது. கறுத்து மின்னாத நோரிக்குச் சந்தையில் விலையில்லை. நைட்ரஜன் போதாததால் வரும் வெளிறல் அது. இக்கானாகோப் பிடிப்பு 2017இல் சரிந்தது, அதன் பிறகு எழவேயில்லை. செத்தோ கடலின் மொத்த மீன்பிடிப்பு 1980களின் தொடக்கத்தில் நான்கு லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது, இன்று அதில் பாதிகூட இல்லை. கடல் தெளிந்துவிட்டது, மீன் போய்விட்டது, நீங்கள் கடலைக் கழுவிக் கழுவிப் பட்டினி போட்டுவிட்டீர்கள் என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. அரசு அதற்குச் செவிசாய்த்தது. 2015இல் சட்டம் திருத்தப்பட்டு, தூய்மையான கடல் என்ற இலக்கோடு வளமான கடல் என்ற இலக்கும் சேர்ந்தது. அகாஷி அமைந்த ஹியோகோ மாகாணம் 2019இல் ஒரு புதுமை செய்தது: கடல்நீரில் நைட்ரஜன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும், பாஸ்பரஸ் 0.02 மில்லிகிராமுக்கும் கீழே போகக் கூடாது என்று கீழ்வரம்பு வைத்தது. 2021இல் தேசியச் சட்டமே சத்தை மேலாண்மை செய்ய இடம் தந்தது. அடுத்த ஆண்டு அதற்கான திட்டத்தை முதலில் வகுத்ததும் ஹியோகோதான். நோரி வளரும் குளிர்மாதங்களில் கழிவுநீர் நிலையங்கள் நைட்ரஜனை முழுதாக நீக்காமல் விடுகின்றன. ஜப்பானிலேயே அதிகப் பாசனக் குளங்கள் உள்ள மாகாணம் அது. விவசாயிகளும் மீனவர்களும் சேர்ந்து குளத்தை வற்றவைத்து, அடிச்சேற்றைக் கலக்கி, அந்த நீரைக் கடலுக்குத் திறந்துவிடுகிறார்கள். நம் ஊர்களில் கண்மாய் தூர்வாரிய வண்டல் வயலுக்குப் போகிறது, அங்கே கடலுக்குப் போகிறது.

இந்தக் குற்றச்சாட்டை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நைட்ரஜன் குறைந்ததும் நோரி வெளிறியதும் அளந்து கண்ட உண்மைகள். உணவு மெலிந்ததால் இக்கானாகோ மெலிந்தது, மெலிந்த மீன் குறைவாக முட்டையிட்டது என்று ஹியோகோவின் மீன்வள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதிலிருந்து சட்டமே தவறு என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் இடையில் சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். நோரி வெளிறும் பருவத்தில் ஹரிமாக் கடலில் யூகாம்பியா என்ற பெரிய டயாட்டம் பெருகி, இருக்கிற நைட்ரஜனை முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. அதற்கு நஞ்சும் இல்லை, அது மீனைக் கொல்வதும் இல்லை. ஆனாலும் நோரி வளர்ப்பவருக்கு அதுவே கேடு விளைவிக்கும் பாசிப் பெருக்கம். குளிர்காலக் கடல் முன்பைவிட வெதுவெதுப்பாகியிருக்கிறது. அதனால் நோரி வலையை இறக்கும் நாள் தள்ளிப்போய்ப் பருவம் குறுகுகிறது. இக்கானாகோ கோடை முழுவதும் கடலடி மணலில் புதைந்து உறங்கும் மீன். செத்தோ கடலின் மணல்திட்டுகளோ கட்டுமானத்துக்காகப் பல பத்தாண்டுகள் அள்ளப்பட்டன. ஹிரோஷிமா 1998இல்தான் அதற்குத் தடை விதித்தது, வேறு சில மாகாணங்கள் அதற்கும் பின்னால் வந்தன. சத்து மட்டும்தான் காரணம் என்றால், சத்து மிகுந்திருந்த 1972ஐத்தான் வளத்தின் உச்சம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆண்டு என்ன நடந்தது என்று ஹிகேத்தாவில் கேட்டாலே தெரியும். மிகுந்தபோது மீன் மூச்சுத்திணறிச் செத்தது, குறைந்தபோது மீன் மெலிந்தது. இரண்டு நிலைக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இடையில் காணாமல் போயிருக்க வேண்டும்.

காணாமல் போனது எது என்பதை அகாஷியிலிருந்து மேற்கே போகும் ரயிலின் சன்னலே காட்டிவிடும். கடல் அருகில்தான் இருக்கிறது, கண்ணில் படுவது அரிது. ககோகாவாவிலும் ஹிமேஜியிலும் எஃகாலைகள், இடையிடையே அனல்மின் நிலையங்கள், எண்ணெய்த் தொட்டிகள். இவற்றில் பெரும்பாலானவை நிற்பது கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில். நடுவே தகாசாகோ. கடற்கரைப் பைன்மரங்களுக்குப் பேர்போன ஊர், அதன் பெயரையே தாங்கிய நோ நாடகத்தின் பாட்டு ஜப்பானியத் திருமணங்களில் பாடப்படுவது வழக்கம். அந்த ஊரின் கடற்கரை ஆலை வேலிகளுக்குப் பின்னால் போனபோது, மட்டி பொறுக்கவும் நீந்தவும் தூண்டில் போடவும் கரைக்கு வர எல்லோருக்கும் உரிமை உண்டு என்று ஊரார் இயக்கம் தொடங்கினார்கள். 1975இல் அது கடற்கரை உரிமைப் பிரகடனமாக வெளிவந்தது. அவர்கள் கேட்டது மனிதனின் உரிமையை. ஆனால் அதே கரையை இழந்தவை மீன்குஞ்சும் மட்டியும் கடல்புல்லும்கூட. ஓதம் ஏறி இறங்கும் சேற்றுவெளியில் மட்டிகள் நீரை வடிகட்டிப் பாசியைத் தின்கின்றன. ஆழமில்லாத நீரில் வளரும் கடல்புல் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் இலைகளுக்கு நடுவே குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. செத்தோ கடலில் 1960இல் சுமார் 22,600 ஹெக்டேர் கடல்புல் இருந்தது, 1990 வாக்கில் 6,400 ஹெக்டேர்தான் மிஞ்சியது. உரத்தை வயலில் இடாமல் தார்ச்சாலையில் கொட்டினால் பயிர் விளையாது, மழையில் கரைந்து சாக்கடைக்குத்தான் போகும். கரையைக் கான்கிரீட்டாக்கிய கடலில் நைட்ரஜனுக்கு நேர்ந்தது அதுதான். அதைப் பிடித்து மட்டியாகவும் மீனாகவும் மாற்றும் இடம் சுருங்கியதால், மிகுந்தபோது சாட்டோனெல்லாவுக்கும் குறைந்தபோது யூகாம்பியாவுக்கும் முதல் பங்கு போயிற்று. சட்டம் குழாய்முனையில் டன் கணக்கை எண்ணியது, கரையில் ஹெக்டேர் கணக்கை எண்ணத் தவறியது. புதிதாகக் கடலைத் தூர்ப்பதற்குக் கட்டுப்பாடு வைத்தது உண்மை, முன்பே போன கரையைத் திருப்பித் தரும் கடமையை அது எவர் மீதும் சுமத்தவில்லை.

ஹிமேஜிக்கு மேற்கே ரயில் மலைகளுக்குள் நுழைந்து மீண்டும் கடலைத் தொடும் இடத்தில் ஹினாசே. ஒகயாமா மாகாணத்துச் சிப்பி வளர்ப்பு ஊர். சுற்றியுள்ள கடலில் 1940களில் 590 ஹெக்டேர் கடல்புல் இருந்தது, 1985இல் அது 12 ஹெக்டேராகிவிட்டது. குஞ்சு வளர இடமில்லாவிட்டால் பொறிவலையில் மீன் விழாது என்று கண்ட ஊர் மீனவர்கள் அந்த ஆண்டே கடல்புல் விதைக்கத் தொடங்கினார்கள். கோடையின் தொடக்கத்தில் விதை பிடித்த தண்டுகளைச் சேகரித்து வலைப்பைகளில் கடலுக்குள் தொங்கவிடுவார்கள். முற்றி உதிர்ந்த விதையை இலையுதிர்காலத்தில் ஆழமில்லாத இடங்களில் தூவுவார்கள். குழைந்த சேற்றில் வேர் பிடிக்காத இடங்களில் சிப்பி ஓட்டைப் பரப்பித் தரையை இறுக்கினார்கள். பல ஆண்டுகள் பலனில்லை. நீர் கலங்கியிருந்தவரை விதைக்கு வெளிச்சம் எட்டவில்லை. சட்டத்தால் நீர் தெளிந்த பிறகே புல் பரவியது. முப்பதாண்டு உழைப்பில் சுமார் 250 ஹெக்டேர் மீண்டிருக்கிறது. இன்று ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் மிதக்கும் தண்டுகளைச் சேகரிக்கப் படகேறுகிறார்கள். முன்பு விசைப்படகின் உந்தியில் சிக்கும் தொல்லை என்று வெறுக்கப்பட்ட புல் இது. இதன் இலைகளில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களில் செவ்வலை உயிரிகளைக் கொல்லும் வகைகள் மிகுதியாக இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். கடல்புல் குஞ்சுகளுக்குத் தங்குமிடம் என்பதோடு, செவ்வலைக்கு அணை போடும் உயிரிகளின் இருப்பிடமும் ஆகிறது. தெளிந்த நீர் மீன்தொழிலுக்கு எதிரி என்ற பேச்சுக்கு ஹினாசே நேரடியான பதில். அங்கே தெளிவு இல்லாமல் புல் இல்லை, புல் இல்லாமல் மீன் இல்லை.

250 ஹெக்டேரால் ஒரு கடலைத் திருத்திவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. இழந்ததில் அது சிறு பங்கு. ஆனால் கேள்வியை இப்படியும் கேட்டுப் பார்க்கலாம்: குளிர்காலத்தில் கழிவுநீர் நிலையத்தின் வாயைக் கொஞ்சம் திறந்துவிடுவதால் கடல் திருந்துமா? நோரிக்கு அந்த வாரத்து நிறம் கிடைக்கும். குளத்துச் சேறும் குளிர்கால நைட்ரஜனும் தேவைப்படும் இடங்களில் பயன்படட்டும். அவற்றை மருந்து என்று ஒப்புக்கொள்ளலாம், உணவு என்று சொல்ல முடியாது. அந்த நைட்ரஜனை யார் முதலில் எடுத்துக்கொள்வது என்பதைக் கரைதான் முடிவு செய்கிறது. கரை இல்லாத இடத்தில் ஊட்டும் சத்து கோடையில் யாருக்குப் போகும் என்ற உறுதியை எந்தப் பொறியாளராலும் தர முடியாது. இன்னொரு மறுப்பு வெப்பமயமாதல் குறித்தது: கடல் சூடேறும் காலத்தில் கரையாலும் சட்டத்தாலும் என்ன பயன்? இதற்குச் சாட்சிகள் உண்டு. மீனை விட்டுவிட்டுச் சிப்பி, மட்டி இனங்களைக் கொல்லும் ஹெட்டரோகாப்சா என்ற உயிரி 1988இல் தெற்கே கோச்சி மாகாணத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, சத்துச்சுமை குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் வடக்கே பரவியது. ஜப்பானின் சிப்பியில் பாதிக்கும் மேல் விளையும் ஹிரோஷிமாவில் 1998இல் பெரும் சேதம் செய்தது. ஒசாகா விரிகுடாவில் 2000களிலிருந்து வசந்தந்தோறும் அலெக்சாண்டிரியம் பெருகி, மட்டியில் முடக்கும் நஞ்சேற்றுகிறது. அந்த நஞ்சு சமைத்தாலும் அழியாது, முறிமருந்தும் கிடையாது. மாகாண ஆய்வகங்கள் மாதிரி எடுத்துச் சோதித்து, அளவு மீறினால் மட்டி விற்பனையை நிறுத்துகின்றன. கரையில் மட்டி தோண்ட வரும் குடும்பங்களையும் எச்சரிக்கின்றன. சத்தைக் குறைத்தால் எல்லாப் பாசியும் ஒழியும் என்று நம்பியவர்களை இவை மறுக்கின்றன என்பது சரி. அதனால் சத்தைக் குறைத்தது வீண் என்றாகாது. கடல்வெப்பத்தைத் தகாமட்சுவோ கோபேயோ தனியாகக் குறைக்க முடியாது. கரையையும் கழிவையும் அவற்றால் திருத்த முடியும். கைக்கு எட்டாத காரணம் ஒன்று இருப்பது, எட்டுகிற காரணங்களைக் கைவிடுவதற்கு நியாயம் ஆகாது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், உயிரி அளவில் மிகக் குறைவு. மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பர், அக்டோபரில் கடலைப் பச்சையாக்கிய நொக்டிலூகா வேறு இனம், வேறு பழக்கம். அது டயாட்டங்களைத் தின்று, உடலுக்குள் பச்சைப் பாசியையும் வைத்துக்கொண்டு பெருகுகிறது. மீனைக் கொல்லும் விதமும் வேறு: செத்து அழுகும்போது நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது, அமோனியாவை வெளிவிடுகிறது. மண்டபம் பகுதித் தீவுகளில் ஆக்சிஜன் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, வேகமாக வளரும் கிளைப்பவளங்கள் செத்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2020இல் வெளியிட்டது. ஹரிமாக் கடலின் விடையை அப்படியே இங்கே நகலெடுத்தால் தவறாகிவிடும். ஆனால் கேள்வி நம் கரைக்கும் பொருந்தும். பாக் விரிகுடாவில் இன்னும் கடல்புல் வெளிகள் இருக்கின்றன. 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கென்று காப்பகம் அறிவிக்கப்பட்டதே அந்தப் புல் இருப்பதால்தான். ஜப்பானியர்கள் விதை தூவி மீட்கும் ஒன்றை நாம் இழக்காமல் வைத்திருக்கும் வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது. இழந்து மீட்பது எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஹினாசேயின் முப்பதாண்டுக் கணக்கு போதும்.

ஹிகேத்தா, அகாஷி, தகாசாகோ, ஹினாசே ஆகிய நான்கு ஊர்களும் ஒரே கடலைப் பற்றி நான்கு விதமாகப் பேசுகின்றன. ஹிகேத்தாவின் பேச்சைக் கேட்டுச் சட்டம் வந்தது. அகாஷியின் பேச்சைக் கேட்டுச் சட்டம் திருந்தியது. இரண்டு முறையும் சட்டம் பார்த்தது நீரில் எத்தனை மில்லிகிராம் என்ற ஒரே எண்ணை, முதலில் மேல்வரம்பாக, பிறகு கீழ்வரம்பாகவும். தகாசாகோ கேட்ட கரையும் ஹினாசே மீட்ட புல்லும் அந்தக் கணக்குக்குள் இன்னும் சரியாக நுழையவில்லை. கடலைத் தூர்க்க அனுமதி கேட்கும் திட்டம், அங்கே எத்தனை ஹெக்டேர் ஆழங்குறைந்த கடலடி மறைகிறது, அது எவ்வளவு நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதைக் கழிவு அளவைச் சொல்வது போலவே சொல்லியாக வேண்டும் என்று ஒரு விதி வைப்பது கடினமான காரியமில்லை. சத்தைக் கூட்டிக் கொடுக்க அனுமதி கேட்கும் மாகாணமும், அந்தச் சத்தை வாங்கிக்கொள்ளக் கரையில் எதை வளர்க்கப்போகிறது என்று சொல்ல வேண்டும். இவ்வளவு டன் விடுகிறோம், இவ்வளவு ஹெக்டேர் புல் நடுகிறோம் என்று இரண்டு எண்களும் ஒரே தாளில் வந்தால்தான், நைட்ரஜன் கூடினாலும் குறைந்தாலும் பழியை ஒருவர் மீது ஒருவர் போட்டுக்கொள்ளும் விவசாயி, மீனவர், ஆலைக்காரர், நகராட்சி ஆகிய எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேச முடியும். செவ்வலையை முழுதாக ஒழித்துவிட்டோம் என்று சொல்லும் நாள் எந்தக் கடலுக்கும் வராது. வித்து சேற்றில் கிடக்கிறது, கோடை ஆண்டுதோறும் வரும். அது முளைக்கும்போது முதல் பங்கை எடுத்துக்கொள்ள வேறு உயிர்கள் கரையில் காத்திருக்கின்றனவா என்பது மட்டும் நம் தீர்மானம்.